மாலைக்குப் பதிலாக: மறதி நோயில் போனவரின் பெயரில் கொடுப்பது

பெரியம்மா காலமான மறுநாள் அந்த அறையில் மிஞ்சியவை இவ்வளவுதான்: பிரித்த டயப்பர் பாக்கெட் இரண்டு, ஒரு கமோடு நாற்காலி, ஒரு வாக்கர், படுக்கைப்புண் வராமல் இருக்க வாங்கிய ஏர் பெட். ஏர் பெட்டின் மோட்டாரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆள் இல்லாத கட்டிலில் அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இதையெல்லாம் யாருக்காவது கொடுத்துடலாம்டா, என் கண்ணில் படக் கூடாது" என்றாள் அக்கா. ஏழு வருடம் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நினைவு நன்கொடை என்ற பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் கொடுத்த முதல் நினைவு நன்கொடை அந்த ஏர் பெட்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போனது.

சொல்லை முதலில் விளக்கிவிடுகிறேன். ஒருவர் இறந்தபின் அவர் பெயரைச் சொல்லி, ஓர் அமைப்புக்கோ குடும்பத்துக்கோ பணமோ பொருளோ கொடுப்பதுதான் நினைவு நன்கொடை. மேலை நாடுகளில் இதற்குப் பழகிப்போன ஒரு வடிவம் உண்டு. இரங்கல் செய்தியிலேயே "பூங்கொத்து வேண்டாம், அந்தப் பணத்தை இன்ன அமைப்புக்குக் கொடுங்கள்" என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்வார்கள். பிரிட்டனில் 1979-லும் அமெரிக்காவில் 1980-லும் தொடங்கிய அல்சைமர் சங்கங்கள் இப்படி வரும் பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. உறவினர் பணம் கட்டியதும், "உங்கள் தாயாரின் நினைவாக இன்னார் கொடுத்திருக்கிறார்" என்று குடும்பத்துக்கு ஒரு கடிதம் போகும். பொதுவாக அதில் தொகை இருக்காது.

மொய் நோட்டு பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். மொய் ஒரு கொடுக்கல் வாங்கல். இன்று நம் நோட்டில் ஏறியது நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பிப் போயாக வேண்டும். நினைவு நன்கொடையில் திருப்பிச் செய்ய எதுவும் இல்லை, அதனால் தொகையைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. உறவினர்களிடம் நீங்கள் நன்கொடை கேட்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு வழக்கத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு என்ற பட்டியல் வீட்டில் இருக்க வேண்டாம்.

சாவா மூவா ஆடுகள்

மற்றபடி, போனவர் பெயரில் கொடுப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை மன்றாடிகள் என்ற இடையர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. அவை சாவதும் இல்லை, கிழடாவதும் இல்லை. செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி வந்து நிரப்பிவிடும், எண்ணிக்கை குறையாது என்பது கணக்கு. வேட்டைக்குப் போன இடத்தில் கைத்தவறாக ஒருவன்மேல் அம்பு விட்டுக் கொன்றவன், செத்தவனுக்காக இப்படி விளக்கு வைத்த கல்வெட்டுகளும் உண்டு.

இன்று தொண்டு நிறுவனங்கள் 'கார்ப்பஸ்' என்று சொல்வது இந்த ஆட்டு மந்தையைத்தான். தமிழில் மூலநிதி என்கிறோம். முதலைத் தொடக் கூடாது, வட்டியை மட்டும் செலவழிக்கலாம். கல்லூரிகளில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு, பள்ளியில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத் தரும் நினைவுப் பரிசு எல்லாம் இந்த வகை. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. ஆடு குட்டி போடும், ரூபாய் போடாது. 1990-இல் ஒரு பள்ளியில் 5,000 ரூபாய் கட்டி வைத்த பரிசு, அன்றைய வட்டியில் நல்லதொரு அகராதி வாங்கித் தந்திருக்கும். இன்று அதே வட்டியில் இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிட்டு வரலாம். மூலநிதி வைக்க நினைப்பவர்கள், வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும் என்று கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது.

இஸ்லாமியர் வீடுகளில் சதக்கத்துல் ஜாரியா என்பார்கள். கொடுத்த மனிதர் போனபிறகும் பலன் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் அது; கிணறு வெட்டுவது, மரம் நடுவது போல. கிறிஸ்தவக் குடும்பங்களில் நினைவு நாள் திருப்பலி, இந்துக் குடும்பங்களில் திதியன்று அன்னதானம். கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சமே வெளியே வராதபடி 'உபயம்' என்று பெயரெழுதி வைப்பதும் இதே மரபின் கடைக்குட்டிதான்.

மறதி நோய்க்கு மட்டும் ஏன் தனியாக?

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. நினைவு, பேச்சு, திசை, முடிவெடுக்கும் திறன் என்று மூளை செய்யும் வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், அன்றாடக் காரியங்களையே தனியாகச் செய்ய முடியாத நிலைக்கான பொதுப்பெயர். பின்னால் பல நோய்கள் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் நோயால் வருவது. மூளையின் ரத்தக் குழாய்கள் பழுதாவதால் வருவதும் உண்டு. தமிழில் மறதி நோய், முதுமை மறதி என்கிறோம். ஈழத்தில் 'அறளை பெயர்தல்' என்று ஒரு பழைய சொல் புழங்குகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது.

இந்த நோயில் சாவு ஒரே நாளில் வருவதில்லை. பெரியம்மா முதலில் பால் கணக்கை மறந்தார். பிறகு சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டார். அப்புறம் பெற்ற மகளைத் தன் தங்கை என்று நினைத்தார். சாயங்காலமானால் போதும், முப்பது வருடம் குடியிருந்த வீட்டின் வாசலிலேயே ஒரு மஞ்சள் பையுடன் நின்றுகொண்டு "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்பார். அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளரான பாலின் பாஸ் இப்படிப்பட்ட துக்கத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, அதற்குத் தெளிவில்லாத இழப்பு என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த ஆள் போய்விட்டார். அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது.

இதற்கும் நன்கொடைக்கும் என்ன சம்பந்தம்? சாவு வீட்டுக்கு வரும்போது குடும்பம் ஏற்கெனவே களைத்திருக்கும், சேமிப்பும் கரைந்திருக்கும். "நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாங்க" என்று யாராவது சொன்னால் மனதுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வந்ததற்காகவே குற்ற உணர்ச்சியும் பின்னாலேயே வரும். அந்த நேரத்தில் எழுதும் காசோலைகள் பெரும்பாலும் தகுதிக்கு மீறியவை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரிதாக எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பது என் யோசனை. சிறியதாக ஏதாவது உடனே கொடுக்கலாம். பெரியதை வருடம் திரும்பியபின் யோசிக்கலாம்.

அதே களைத்துப்போன குடும்பத்திடம் வேறு யாரிடமும் இல்லாத ஓர் அறிவு இருக்கும். இந்த நோயில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காகத் திண்டாடுவோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதனால் இங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அத்தனை வருடங்களில் நம் வீட்டில் எது இல்லாமல் தவித்தோம்? அது இன்னொரு வீட்டுக்குக் கிடைக்க வழி பாருங்கள்.

நாங்கள் தவறு செய்த நாள்

முதல் நினைவு நாளில் நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் செய்வதையே செய்தோம். மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் மதிய உணவுக்குப் பணம் கட்டிவிட்டு, வடை, ஜாங்கிரி சகிதம் பதினெட்டுப் பேர் வேன் பிடித்துப் போனோம்.

அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஜாங்கிரி அப்படியே திரும்பியது. பலருக்கு விழுங்குவதே சிரமம். நோய் முற்றும்போது மெல்லுவதும் விழுங்குவதும்கூடத் தடுமாறத் தொடங்கும். வடைத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்ன? பெரியம்மாவுக்குக் கடைசி ஒன்றரை வருடம் இட்லியைப் பாலில் குழைத்துத்தான் ஊட்டினோம். ஆனால் நினைவு நாள் என்றதும் கை தானாக வடைக்குப் போனது. முகம் தெரியாத பதினெட்டுப் பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் ஒரு பாட்டி, கல்யாணக் கூட்டம் வந்துவிட்டது என்று நினைத்து, "எனக்கு ஒருத்தரும் புடவை எடுத்து வைக்கலையே" என்று அழத் தொடங்கிவிட்டார். எங்கள் சித்தப்பா அதையும் செல்போனில் படம் எடுத்தார். பணியாளர் ஒருவர் எங்களை வராந்தாவுக்கு அழைத்து வந்து, கோபமே இல்லாமல், "அடுத்த தடவை பணத்தைக் கட்டிட்டு வீட்டிலேயே சாமி கும்பிட்டுக்கங்க சார்" என்றார்.

வெட்கமாக இருந்தது. சரி, என்னதான் தேவை என்று அவரிடமே கேட்டோம். அவர் சொன்னதில் சாப்பாடே இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் ஒரே நாளுக்கு மூன்று குடும்பங்கள் உணவுக்குப் பணம் கட்ட நிற்குமாம். ராத்திரி வேலைக்கு இன்னோர் ஆள் போடத்தான் பணம் கிடைப்பதில்லை. 'இன்னார் நினைவாக இரவுப் பணியாளர்' என்று யார் பலகை வைப்பார்கள்?

பணம் எங்கே போனால் என்ன நடக்கும்

டயப்பரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் அதிலிருந்து தொடங்குவதில்லை. பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு மூன்று, மாதம் 3,600 ரூபாய். இது மருந்துச் செலவும் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவும் இல்லை. எந்தக் காப்பீட்டிலும் பொதுவாகத் தேறாது. பணத்தை மிச்சம் பிடிக்க ஒரே டயப்பரைப் பத்து மணி நேரம் விட்டால் தோல் புண்ணாகும். ஒரு முதியவருக்கு ஒரு வருட டயப்பர் என்பது கேட்க அழகாக இருக்காது. ஆனால் கொடுப்பவர் நினைக்கும் அளவைவிடப் பெரிய நன்கொடை அது.

அடுத்தது பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு. ஏழு வருடத்தில் அக்கா வெளியூரில் தங்கியது மொத்தம் நான்கு இரவுகள். தன் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு முகூர்த்தம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டாள். ஒரு வாரம், பத்து நாள் என்று நோயாளியை இல்லத்தில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு சில அமைப்புகளில் உண்டு. காலையில் விட்டு மாலையில் அழைத்துப் போகும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களும் உண்டு. "பணம் கட்ட முடியாத ஒரு குடும்பத்துக்கு, வருடத்தில் பத்து நாள்" என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். அந்தப் பத்து நாளும் நோயாளியைவிட அவர் மகளுக்கோ மருமகளுக்கோதான் போய்ச் சேரும். அதில் தவறே இல்லை.

பராமரிப்பாளர் பயிற்சி இன்னொன்று. வீட்டுக்கு வரும் உதவியாளர்களில் பலருக்கு நோயாளியைக் குளிப்பாட்டத் தெரியும். ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று நிற்பவரிடம் "இதுதானே உன் வீடு" என்று வாதாடக் கூடாது, "சரி, காபி குடிச்சுட்டுக் கிளம்பலாம்" என்று பேச்சைத் திருப்ப வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? எங்களுக்கே மூன்றாவது வருடத்தில்தான் தெரிந்தது.

சிறிய தொகை வைத்திருப்பவர்கள் கூச்சப்பட வேண்டாம். வழி தவறிப் போகிறவர்கள் கையில் கட்டும், தொலைபேசி எண் பொறித்த வளையம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஒரு பகல்நேர மையத்துக்கு நல்ல ஸ்பீக்கரும் ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளும் வாங்கிக் கொடுக்கலாம். எங்கள் யார் பெயரும் தெரியாமல் போனபிறகும் பெரியம்மா வானொலியில் கேட்ட பாட்டுகளை வரி பிசகாமல் பாடுவார். பாட்டு கடைசியில் போகிறது.

அமைப்புகள் என்று எடுத்தால், இந்தியாவில் இந்த நோய்க்கென்றே தொடங்கப்பட்டது ஏஆர்டிஎஸ்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான சங்கம். 1992-இல் கேரளத்தில் தொடங்கிப் பல ஊர்களில் கிளை விட்டது. சென்னையில் 1984-இல் மனச்சிதைவு நோய்க்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப், பிறகு மறதி நோய்க்கும் ஒரு பிரிவு ஏற்படுத்தியது. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை இந்தத் துறையில் வெகுநாளாக இருக்கிறது. இவை உதாரணங்கள்தான். உங்கள் ஊரிலேயே பெயர் வெளியே தெரியாத ஓர் இல்லம் இன்னும் நன்றாக நடக்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். இந்த நோயில் மாலை நேரம்தான் கடினமானது. அந்த நேரத்தில் பணியாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது எந்த ஆண்டறிக்கையையும்விட அதிகம் சொல்லும். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற அரசு உதவி எண்ணில் கேட்டால் பக்கத்தில் உள்ள இல்லங்கள் பற்றித் தகவல் பெறலாம்.

கடிதம், ரசீது, வரி

கொடுக்கும்போது ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள். யார் நினைவாக, எதற்காக, ஒரே தடவையா வருடந்தோறுமா, மூலநிதியாக வைக்க வேண்டுமா என்று நான்கு வரி போதும். மூலநிதி என்றால் அதை எழுத்தில் சொல்வது மிக அவசியம். சொல்லாவிட்டால் பொதுச் செலவுக்கான நன்கொடையாகவே கணக்கில் ஏறும். நிபந்தனை போடலாம், ஆனால் கழுத்தை நெரிக்கிற மாதிரி வேண்டாம். "சக்கர நாற்காலி வாங்க மட்டும்" என்று எழுதிவிட்டால், எட்டாவது சக்கர நாற்காலியும் வந்து மூலையில் நிற்கும். "சக்கர நாற்காலி, அல்லது அந்த வருடம் அதைவிட அவசரமான தேவை" என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி.

வரிச்சலுகை பற்றிப் பலரும் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவுதான் நன்கொடைக்கானது. 2025-இல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் ஊரில் 80ஜி என்ற பெயர் இன்னும் சில வருடம் நிற்கும். "பாதிப் பணம் திரும்பி வந்துவிடும்" என்று சொல்வார்கள். வராது. பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதியை உங்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 20,000 ரூபாய் கொடுத்தால் 10,000 கழியும். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சம் செஸ் சேர்த்து 2,080 ரூபாய். கழிவுக்குக் கணக்கில் எடுக்கும் நன்கொடைக்கு, மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்று உச்சவரம்பும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது, அதனால் எங்கள் ஏர் பெட்டுக்கு வரித்துறையிடம் மதிப்பில்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. ரசீது மட்டும் போதாது. அமைப்பு உங்கள் பான் எண்ணைக் குறிப்பிட்டு வருமான வரித் துறையில் தாக்கல் செய்து, அதிலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து மே மாதக் கடைசிக்குள் வரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

க்யூஆர் கோடு வந்தால், ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் அமைப்பின் பெயர்தானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். தனி மனிதர் பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகன் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும். அதை வாங்க அந்த அமைப்புக்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணமும் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அவர்கள் கணக்குக்குத்தான் போக வேண்டும். பல சிறிய இல்லங்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. மகன் ஆசையாக அனுப்பிய பணத்தால் இல்லம் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் தாங்கள் வாழும் நாட்டிலேயே ஓர் அமைப்புக்கு அம்மா பெயரில் கொடுத்துவிடலாம். நோய் அங்கேயும் இதேதான்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். கல்வெட்டில் பெயர் போடும் அளவுக்கு ஒரு பெரிய தொகையுடன் வெளிநாட்டுப் பிள்ளை வரும்போது, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளையின் முகம் வாடும். "இதில் பாதி அப்போ வந்திருந்தா ராத்திரிக்கு ஒரு ஆள் போட்டிருப்பேனே" என்று அவர் சொன்னால் பதில் கிடையாது. எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையை, பார்த்துக்கொண்டவரிடமே விட்டுவிடுங்கள். பணம் யாருடையதாக இருந்தாலும் சரி.

மூளையைக் கொடுப்பது

இது எல்லோருக்குமானதல்ல, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபின் அவருடைய மூளை, அப்போது மியூனிக்கில் இருந்த அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவருக்கு அனுப்பப்பட்டது. அந்தத் திசுக்களில் அவர் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கனில் நடந்த கூட்டத்தில் விவரித்தார். நோய்க்குப் பெயர் வந்ததே ஒரு நோயாளியின் மூளையால்தான்.

பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமான நிமான்ஸில் 1995 முதல் ஒரு மூளை வங்கி இயங்குகிறது. இறந்து சில மணி நேரங்களுக்குள் மூளையை எடுக்க வேண்டும், அதன்பின் உடல் இறுதிச் சடங்குக்குக் குடும்பத்திடம் வந்துவிடும். இதில் தூரமும் நேரமும்தான் தடை. இன்னொரு தடை, நோயாளியின் சம்மதம். நோய் முற்றியபின் அவரால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. கேட்பதாக இருந்தால் தொடக்கத்திலேயே, அவர் அவராக இருக்கும்போதே கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியம்மா என்ன சொல்லியிருப்பார் என்று அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அறிவிப்பில் என்ன எழுதுவது

உறவினர்களிடம் நன்கொடை கேட்பதாக இருந்தால் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸிலேயே போட்டுவிடலாம். "மறதி நோயுடன் ஏழு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த எங்கள் அம்மாவின் நினைவாக, மாலைக்குச் செலவிட நினைக்கும் தொகையை இந்த நோயுள்ளவர்களின் பராமரிப்புக்குக் கொடுத்து உதவ வேண்டுகிறோம். நேரில் வந்தாலே எங்களுக்குப் போதும்." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கையில் காசில்லாதவர்கள் சாவு வீட்டுக்கு வரத் தயங்கக் கூடாது.

எங்கள் நினைவு நாள் நோட்டீஸை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர் 'மறதி நோய்' என்ற இடத்தில் பேனாவை வைத்து, "இது வேணுமாண்ணே? உடல்நலக் குறைவால்னு போட்டுரலாமா?" என்றார். பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் போடுகின்றன. மரணச் சான்றிதழிலும் பல நேரங்களில் நிமோனியா, மாரடைப்பு என்றுதான் இருக்கும். பைத்தியம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. அக்கா யோசிக்கவே இல்லை. "இருக்கட்டும்" என்றாள்.

அந்த நோட்டீஸால் இல்லத்துக்கு எவ்வளவு பணம் போனது என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அதில் இருந்த அக்காவின் எண்ணுக்கு நான்காம் நாள் ஒரு பெண் கூப்பிட்டார். எங்களுக்கு உறவுமில்லை, பழக்கமுமில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாராம். மாமனாருக்கு இதேதான், இரண்டு வருடமாக. தயங்கித் தயங்கி, "ராத்திரியில எழுந்து எழுந்து கதவைத் தொறக்கறாரு, நீங்க என்ன பண்ணினீங்க அக்கா?" என்று கேட்டார். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவுத் தாழ்ப்பாளை மேலே மாற்றியதிலிருந்து தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினாள்.